செய்தி வராவிட்டால் காற்றில்லை

ஸோம்பா,
பிப்ரவரி 11

கொழுந்தன் கனிசானிக்கு,

உன் அண்ணன் வெட்சனும் நானும் சுகம். மழைக்காலம் என்பதால் அவருக்கு முழங்கால் முனகுகிறது. உன் நினைவு வரும்போதெல்லாம் வலி கூடுவதாகச் சொல்கிறார். எனிஃபாவும் பிள்ளைகளும் எப்படி இருக்கிறார்கள்? உன் இருமல் விட்டதா?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் முக்கியமாக ஒன்று கேட்டால் நீ இரண்டு சிரிப்புக் கதை சொல்லிவிட்டு, "காசு தீருது அண்ணி" என்று வைத்துவிடுகிறாய். காகிதத்தில் அந்த வித்தை பலிக்காது. இனி கணினி விஷயம் கப்பலில்தான் வரும், பதிலும் கப்பலில்தான் வரவேண்டும்.

விஷயம் உன் குன்றின் மேல் இருக்கும் பெட்டி. ஏரியின் தெற்கே நட்ட காற்றளக்கும் கம்பங்களில் அடிக்கும் காற்றைக் கணக்குப் பார்த்து, முவேராத் தென்காற்று உங்கள் தீவுக்கு வந்து சேரும் முன்பே படகுக்காரர்களின் போனுக்கு எச்சரிக்கை அனுப்பும் நிரல் அதில் ஓடுகிறது. அந்த நிரலை எழுதுகிறவர்கள் எங்கோ வெளிநாட்டில் இருக்கும் இரண்டு பேர். அவர்கள் எழுதியதை எடுத்து, பழைய கணினிகளிலும் ஓடும்படி பொட்டலமாகக் கட்டி, எங்கள் தன்னார்வலர் கூட்டத்தின் பொது அலமாரியில் வைப்பது என் வேலை. உன் பெட்டி வாரம் ஒருமுறை அந்த அலமாரியை எட்டிப் பார்த்து, புதிதாக ஏதாவது இருந்தால் தானே எடுத்துக்கொள்ளும்.

இப்போது அந்த இரண்டு பேரும் அறிவித்துவிட்டார்கள். மார்ச்சில் வரும் வெளியீட்டிலிருந்து நிரல்மொழியின் பழைய பதிப்புக்கு அவர்கள் பொறுப்பில்லை. உன் பெட்டிக்குத் தெரிந்தது அந்தப் பழைய பதிப்பு மட்டும்தான் என்று நினைக்கிறேன். அவர்களைத் திட்டவும் மனம் வரவில்லை. சம்பளம் இல்லாமல் செய்கிறார்கள், எத்தனை காலம் பழசைச் சுமப்பார்கள்?

பெட்டியில் எந்தப் பதிப்பு இருக்கிறது என்று பார்த்து எழுது. தட்ட வேண்டிய கட்டளையை அடியில் எழுதியிருக்கிறேன்.

பிள்ளைகளுக்கு முத்தம்.
அண்ணி லுசுங்கு


லிகோமா,
பிப்ரவரி 26

பொட்டலக்கார அண்ணிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். இருமல் போய்விட்டது, எனிஃபாவின் வாய்தான் இன்னும் குணமாகவில்லை. அண்ணனின் முழங்காலுக்கு உசிபாக் கருவாடு ஒரு கூடை அனுப்புகிறேன். முழங்காலில் தடவாமல் மரவள்ளிக் களியோடு சாப்பிடச் சொல்லுங்கள்.

கட்டளை தட்டினேன். நீங்கள் நினைத்ததுதான், அதே பழசு. பெட்டியை வைத்த காற்று எச்சரிக்கைத் திட்டத்து ஆட்கள் ஊரைவிட்டுப் போய் நாலு வருஷம் ஆகிறது. சாவி மட்டும் என் கழுத்தில் தொங்குகிறது. புதுப் பெட்டி கேட்டால் கொடுக்க ஆளில்லை.

ஒன்று சொல்லவேண்டும். எனிஃபாவின் அண்ணன் லிம்பானியை உங்களுக்குத் தெரியுமே, கல்யாணத்தில் உங்களோடு ஆடியே தீருவேன் என்று நின்றவன். முதல் வருஷம் அவன் கரையில் நின்று, "ஒரு தகரப் பெட்டி சொல்லி நான் படகை இழுக்கணுமா? அதுக்கு நீச்சல் தெரியுமா?" என்று என் மானத்தைக் கெடுத்தான். பெட்டி சொன்னது நாலைந்து தடவை அப்படியே நடந்த பிறகு அடங்கிவிட்டான். கரைக்கூட்டத்தில் முடிவாகவே பேசிவிட்டார்கள்: செய்தி வந்தால் படகு மணலில், செய்தி வராவிட்டால் காற்றில்லை, விளக்கேற்றிக்கொண்டு இரவு மீன்பிடிக்கப் போகலாம். இப்போது வானத்தை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. இதைப் பெருமையாகச் சொல்கிறேனா பயந்து சொல்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை.

உங்கள் கொழுந்தன்,
கனிசானி


ஸோம்பா,
மார்ச் 20

கனிசானிக்கு,

கருவாடு வந்தது. உன் அண்ணன் நான் கண்ணால் பார்ப்பதற்குள் பாதியைத் தீர்த்துவிட்டார். இங்கே சுகத்துக்குக் குறைவில்லை, நீங்களும் அப்படியே இருக்கவேண்டும்.

புது வெளியீடு வந்துவிட்டது. புதிய கணினிகள் வைத்திருப்பவர்களுக்காக அதைப் பொட்டலம் கட்டி அலமாரியில் வைத்துவிட்டேன். பழையதையும் எடுக்கவில்லை, பக்கத்திலேயே இருக்கிறது. இனி அந்த இரண்டு பேர் புதியதில் திருத்துவதையெல்லாம் பழைய நடைக்கு மாற்றித் தைப்பது என் பாடு. எங்கள் கூட்டத்தில் கிசுமு ஊர்க்காரர் ஒருவர், "எங்கேயோ இருக்கிற நாலு பழைய பெட்டிக்காகவா இவ்வளவு பாடு?" என்று கேட்டார். "அதுல ஒரு பெட்டிக்குப் பின்னால மட்டும் முப்பது படகு இருக்குங்க" என்றேன்.

நீ எதையும் தொடவேண்டாம். ஒவ்வொரு பொட்டலத்தின் தலையிலும் 'இதற்குக் குறைந்தது இந்தப் பதிப்பு வேண்டும்' என்று ஒரு வரி இருக்கும். பெட்டி அதைப் படித்து, இது நமக்கானதில்லை என்று பழையதோடு நின்றுகொள்ளும்.

இன்னொன்று, இதை யாரிடமும் சொல்லாதே. எங்கள் கூட்டத்துக்கு நிதி வந்திருக்கிறது. ஒருவருக்கு மட்டும் முழுநேரச் சம்பளம். என் பெயரும் பேச்சில் இருக்கிறது, ஜூலைக் கடைசியில் முடிவு. கிடைத்தால் கல்லூரியில் கணினிக்குத் தூசி தட்டும் இந்த வேலைக்கு ஒரு கும்பிடு போடலாம். ஏழு வருஷம் இரவில் செய்ததைப் பகலில் செய்வேன். எனக்கு அது வேண்டும், கனிசானி. வெட்கப்படாமல் சொல்கிறேன்.

அண்ணி லுசுங்கு


லிகோமா,
ஏப்ரல் 18

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

ஈஸ்டர் வாழ்த்து. நாங்கள் எல்லோரும் நலம், மிகவும் நலம். ஏரி தட்டில் ஊற்றிய கஞ்சி போல அசையாமல் கிடக்கிறது. பண்டிகைக்கு எனிஃபா புதுச் சிட்டெஞ்சேத் துணி கட்டிக்கொண்டு தேவாலயத்தில் முன்வரிசையில் உட்கார்ந்தாள். சின்னவள் பல் முளைத்து எல்லோரையும் கடிக்கிறாள்.

சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்கிறேன். உங்கள் வேலையில் யாராவது கட்டிய பொட்டலத்தில் தப்பு இருந்து, அது எங்கேயாவது ஒரு பெட்டியைக் கெடுத்துவிட்டால், கட்டியவரை என்ன செய்வார்கள்? பெயர் வெளியே தெரியுமா? இங்கே பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் கேட்டார், எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

உங்கள் வேலை விஷயத்தை யாரிடமும் சொல்லவில்லை. ஜெபத்தில் மட்டும் சொன்னேன்.

கனிசானி


ஸோம்பா,
மே 2

கனிசானிக்கு,

இங்கே சுகம். சின்னவள் உன்னையும் இரண்டு கடி கடிக்கட்டும்.

உன் வாத்தியாருக்குப் பதில்: பெயர் தெரியாமல் இருக்குமா? பிழையைப் பார்த்தவர் பொதுப் பட்டியலில் எழுதுவார், உலகமே படிக்கும். கட்டியவர் பெயர் மேலேயே இருக்கும். எனக்கு முதல் தடவை நடந்தபோது குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். அப்புறம் தோல் தடித்துவிட்டது. சரி, இப்போது மட்டும் அப்படி ஒன்று வந்தால் தடிக்குமா என்று தெரியாது. நிதிக்காரர்கள் ஒவ்வொரு வரியையும் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

வாத்தியாருக்குக் கணினியில் இவ்வளவு அக்கறையா? அது போகட்டும். முவேரா காலம் தொடங்கப்போகிறது. பெட்டியில் கடைசியாக ஏறிய பொட்டலத்தின் எண்ணை எழுதி அனுப்பு. கட்டளை அடியில்.

அண்ணி லுசுங்கு


லிகோமா,
மே 28

அன்பு அண்ணிக்கு,

நலமே. அண்ணனின் முழங்காலை விசாரித்ததாகச் சொல்லவும். எனக்குக் கண் கொஞ்சம் சிவந்திருக்கிறது, தூசிதான். எனிஃபா எதற்கெடுத்தாலும் சண்டைக்கு வருகிறாள்.

முவேரா இரண்டு தடவை வந்தது. இரண்டு தடவையும் செய்தி போனது, படகெல்லாம் மணலில். லிம்பானியே முதல் ஆளாக இழுத்தான். "தகரப் பெட்டி இந்த வருஷம் கொஞ்சம் தாமதமாத்தான் முழிக்குது மச்சான், அதுக்கும் கல்யாணம் ஆயிடுச்சா?" என்று கேட்டான். சிரித்தேன்.

வேலை முடிவு ஜூலைக் கடைசி என்றீர்கள். தேதி முன்னால் வர வாய்ப்பு உண்டா?

கனிசானி


ஸோம்பா,
ஜூன் 19

கனிசானிக்கு,

சுகம் விசாரித்ததாக வைத்துக்கொள். நான் கேட்ட எண்ணை நீ அனுப்பவில்லை. போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. எனிஃபா எடுத்து, "குன்றுல இருக்காரு அக்கா" என்றாள். காலையில் கூப்பிட்டாலும் குன்று, மாலையில் கூப்பிட்டாலும் குன்று. கேள்வி கேட்டால், "அவரையே கேளுங்க" என்கிறாள்.

நேற்று உன் அண்ணன் தன் போனைக் காட்டினார். ஊர் நினைவுக்காக அவரும் அந்த எச்சரிக்கைப் பட்டியலில் பெயர் கொடுத்திருக்கிறார். பெட்டியின் எண்ணிலிருந்து வந்த கடைசிச் செய்தியை அப்படியே எழுதுகிறேன்: "காத்து வருது, எல்லாரும் கரைக்கு வாங்க. லிம்பானி, நீயும்தான்."

நிரல் அனுப்பும் வாசகத்தில் எத்தனை சொல் என்று எனக்குத் தெரியும். அதை மொழிபெயர்த்துப் பொட்டலத்தில் வைத்தவளே நான்தான். அதற்கு லிம்பானி என்று ஒருவன் இருப்பதே தெரியாது. யார் அனுப்புகிறார்கள், கனிசானி? பெட்டி ஓடுகிறதா இல்லையா? ஒரு வார்த்தையில் பதில் எழுது. கதை வேண்டாம்.

லுசுங்கு


லிகோமா,
ஜூலை 3

அண்ணிக்கு,

அனைவரும் நலம். வாசகத்தை நான்தான் கொஞ்சம் மாற்றினேன். பெட்டி பேசுவது போல இருந்தால் பையன்கள் மதிப்பதில்லை. வேறொன்றும் இல்லை.

இந்த மாதம் முடியும்வரை இதைப் பற்றி எழுதாதீர்கள். காலைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன். ஆகஸ்டு பிறந்ததும் நீங்கள் கேட்டதற்கும் கேட்காததற்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

கனிசானி


லிகோமா,
ஜூலை 15

லுசுங்கு அக்காவுக்கு ஓரகத்தி எனிஃபா எழுதுவது,

சுகம் கேட்டு எழுதும் நிலையில் இல்லை, மன்னிக்கவும்.

என் அண்ணன் லிம்பானி போய்விட்டான். வெட்சன் மாமாவுக்குப் போனில் செய்தி சொன்னார்கள், ஆனால் எப்படி என்று சொல்லியிருக்க மாட்டார்கள். நான் சொல்கிறேன், அக்கா. இந்த வீட்டில் எல்லோரும் உங்களிடம் சொல்லாமலே இருந்தது போதும்.

ஈஸ்டருக்கு முந்தின வாரம் பெட்டி செத்துவிட்டது. அவர் போய்ப் பார்த்தார். திரையில் ஏதோ வந்து நின்றிருந்ததாம், 'இந்தப் பொட்டலத்துக்குப் பொறுப்பு: லுசுங்கு ஹரவா, ஸோம்பா' என்று. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு என்னிடம் சொன்னார்: "அண்ணி கட்டுனதுதான் பெட்டியை நிறுத்தியிருக்கு. வெளிய தெரிஞ்சா அவங்க வேலை போயிடும். அண்ணன் பொண்டாட்டிகிட்ட போய் நீங்க தப்புப் பண்ணீங்கன்னு எந்த வாயால சொல்றது?" பெட்டியிலிருந்த சிம்மைக் கழற்றித் தன் போனில் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து குன்றின் மேல் உட்கார்ந்து, தெற்கே தண்ணீர் கறுக்கிறதா என்று பார்த்துப் பார்த்துத் தானே செய்தி அனுப்பினார். சோறு அங்கே, தூக்கம் அங்கே. நான் கத்தினேன். "ஜூலை வரைக்கும்தான்டி" என்றார்.

பகலில் பார்த்துவிடலாம் அக்கா, இருட்டில் எதைப் பார்ப்பது? ஒன்பதாம் தேதி மாலை தெற்கு தெளிவாக இருந்தது. செய்தி வரவில்லை. படகெல்லாம் விளக்கேற்றிக்கொண்டு போயின. தெற்குக் கம்பங்களில் அப்போதே காற்று ஏறிவிட்டதாம், கேட்கப் பெட்டி இல்லை. முகத்தில் அடித்த பிறகுதான் இவருக்குத் தெரிந்தது. அனுப்பினார், அனுப்பிக்கொண்டே இருந்தார். கிட்டே இருந்தவர்கள் திரும்பினார்கள். லிம்பானியின் படகு தூரத்தில் இருந்தது. ஐந்து பேர் படகைப் பிடித்துக்கொண்டு அக்கரையில் உசிஸ்யா பக்கம் ஒதுங்கினார்கள். அண்ணன் மூன்றாம் நாள் ஒதுங்கினான்.

அடக்கம் முடிந்தது. இவர் சாப்பிடுவதில்லை. கரையில் யாருக்கும் இன்னும் தெரியாது, "பெட்டி ஏமாத்திடுச்சு" என்று பேசிக்கொள்கிறார்கள். உங்கள் மேல் எனக்குக் கோபமா என்று கேட்டால், இருக்கிறது. இவர் மேல் அதைவிட இருக்கிறது.

எனிஃபா


ஸோம்பா,
ஜூலை 20

கனிசானிக்கு,

எனிஃபாவின் கடிதத்தை உன் அண்ணன் எனக்குப் படித்துக் காட்டினார். நான் படிக்கத் தொடங்கி நடுவில் நின்றுவிட்டேன். அவள் துக்கத்தில் எனக்குப் பங்கு கேட்கும் உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. அடுத்த கப்பலில் வருகிறோம், உள்ளே விடுவதும் விடாததும் அவள் விருப்பம்.

பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தேன். உனக்கு மார்ச்சில் சொன்னேனே, 'குறைந்தது இந்தப் பதிப்பு வேண்டும்' என்ற வரி. அந்த இரண்டு பேரும் பழையதைக் கைவிட்டுவிட்டதாக ஊருக்கெல்லாம் அறிவித்தார்கள், ஆனால் அந்த வரியை எழுத மறந்துவிட்டார்கள். அவர்கள் விட்டதைப் பார்த்து எழுதிச் சேர்ப்பதுதான் பொட்டலம் கட்டுகிறவளின் வேலை. நானும் பார்க்கவில்லை. இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். வரி இல்லாததால் உன் பெட்டி புதியதை நம்பி எடுத்து ஏற்றிக்கொண்டது. அந்த மொழி அதற்குப் புரியவில்லை, நின்றுவிட்டது.

திருத்த எவ்வளவு நேரம் ஆனது தெரியுமா? மதியச் சாப்பாடு முடித்து உட்கார்ந்தேன், தேநீருக்கு முன் எழுந்துவிட்டேன். அவ்வளவுதான். ஏப்ரலில் நீ ஒரு வரி எழுதியிருந்தால் ஏப்ரலிலேயே முடிந்திருக்கும், லிம்பானி என்னைக் கேலி செய்துகொண்டு இருந்திருப்பான். உன்னை அறைய வேண்டும்போல் இருக்கிறது. என் பெயரைக் காப்பாற்றச் சொல்லி உன்னிடம் யார் கேட்டது? உன் வீட்டில் அண்ணியின் தப்பைச் சொல்லாமல் இருப்பது மரியாதை. என் தொழிலில் சொல்வதுதான் மரியாதை. குளியலறையில் அழுத கதையை உனக்கு எழுதினேனே, அதுதான் உன் வாயை அடைத்தது என்று இப்போது புரிகிறது. ஜூனில் உன் செய்தியைப் படித்தபோது உன்னைச் சந்தேகப்பட்டேன். என் பொட்டலத்தைச் சந்தேகப்படத் தோன்றவே இல்லை. அதற்கு என்னை நானே அறைந்துகொள்ள வேண்டும்.

இப்போது நான் கேட்பதைச் செய். உன்னுடையதைப் போன்ற பழைய பெட்டிகள் இந்த ஏரியைச் சுற்றியும், விக்டோரியா ஏரியிலும் எங்கெங்கோ இருக்கின்றன. அவையும் நின்றிருக்கும். நின்றது யாருக்கும் தெரியாது, ஏனென்றால் செய்தி வராததை நல்ல வானிலை என்றுதான் அங்கேயும் எடுத்துக்கொள்வார்கள். நின்ற பெட்டி அலமாரிக்குத் தானாக வராது, ஆள் போய்த் தட்டி எழுப்பவேண்டும். நான் எதைக் கெடுத்தேன் என்று பொதுப் பட்டியலில் எழுதிவிட்டேன். ஆனால் 'ஒரு வரி விடுபட்டது, திருத்தப்பட்டது' என்பதைப் படித்து யாரும் குன்று ஏறமாட்டார்கள். அது என்ன செய்தது என்பதை நீதான் எழுதவேண்டும். கண்ணால் பார்த்தவன் நீ. பட்டியலில் நாலு கேள்வி கேட்பார்கள், நாலுக்கும் உண்மையை எழுது. என் பெயரைப் போடு.

வேலைக்கு என் பெயரை நான் திரும்பப் பெறவில்லை. எல்லாவற்றையும் படித்துவிட்டு அவர்களே முடிவு செய்யட்டும்.

அண்ணி


லிகோமா,
ஆகஸ்டு 8

பொதுப் பட்டியலில் படிக்கிற எல்லோருக்கும்,

நீங்களும் உங்கள் வீட்டாரும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இப்படி எழுதி எனக்குப் பழக்கமில்லை, முறை தப்பினால் பொறுத்துக்கொள்ளுங்கள். இதை எழுதும் முன் எங்கள் கரைக்கூட்டத்தில் எழுந்து நின்று வாயால் சொன்னேன். இரண்டு பேர் அடிக்க வந்தார்கள். என் மனைவிதான் குறுக்கே நின்றாள்.

எந்தப் பொட்டலம், யார் கட்டியது?
காற்று எச்சரிக்கை நிரல், மார்ச் மாத வெளியீடு. கட்டியவர் லுசுங்கு ஹரவா, ஸோம்பா. அவர் என் அண்ணன் மனைவி.

என்ன நடக்கவேண்டும் என்று எதிர்பார்த்தீர்கள்?
காற்று வரும் முன் படகுக்காரர்களுக்குச் செய்தி போகவேண்டும்.

என்ன நடந்தது?
பழைய நிரல்மொழி உள்ள பெட்டியில் புதுப் பொட்டலம் ஏறியது. பெட்டி நின்றது. செய்தி போகவில்லை. வராத செய்தியை நம்பி ஆறு பேர் ஒரு படகில் போனார்கள், ஐந்து பேர் உயிரோடு வந்தார்கள். பொட்டலத்தை இப்போது திருத்திவிட்டார்கள், எங்கள் பெட்டி ஓடுகிறது. உங்கள் பெட்டி பழையது என்றால் இதைப் படித்து முடித்ததும் நேரில் போய்ப் பாருங்கள். பார்க்கும்வரை படகுகளை அனுப்பாதீர்கள்.

இந்தப் பிழையை மறுபடி நிகழ்த்திப் பார்ப்பது எப்படி?
கட்டியவர் ஒரு வரியைக் கவனிக்காமல் விடவேண்டும். பெட்டி நின்றதை ஒருவன் பார்க்கவேண்டும். அதிலிருக்கும் பெயர் தனக்கு வேண்டியவர் பெயர் என்று தெரிந்து, அவன் யாரிடமும் சொல்லாமல் இருக்கவேண்டும். இவ்வளவு செய்தால் போதும், எந்த ஏரியிலும் நடக்கும்.

இப்படிக்கு,
கனிசானி
லிம்பானியின் மச்சான்